சீனாவுக்கு வரி போட்டால் அமெரிக்கர்கள் ஏன் கைதட்டுகிறார்கள், ஏன் திட்டுகிறார்கள்?

2025 ஏப்ரல் 2 அன்று டொனால்ட் டிரம்ப் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்த நாட்டுப் பொருளுக்கு எத்தனை சதவீதம் இறக்குமதி வரி என்று வாசித்தார். சீனா பதிலுக்கு வரி போட்டது, இவர் அதற்கு மேல் போட்டார், அவர்கள் அதற்கும் மேல், இவர் இன்னும் மேல். பத்து நாளுக்குள் சீனப் பொருள்கள் மீதான புது வரி 145 சதவீதத்தில் வந்து நின்றது, அமெரிக்கப் பொருள்கள் மீது சீனா போட்டது 125. நூறு டாலர் பொருளுக்கு நூற்று நாற்பத்தைந்து டாலர் வரி என்றால் அதை வரி என்று சொல்வதைவிடக் கதவைச் சாத்தியதாகச் சொல்வதே சரி. அப்புறம் மே 12 அன்று ஜெனீவாவில் பேசி முடித்து அமெரிக்கா 30, சீனா 10 என்று இறக்கினார்கள்.

இந்த நாற்பது நாளில் அமெரிக்க மக்கள் பேசிக்கொண்டதைக் கவனித்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். ஒருவர் 'இப்பவாவது சீனாவை எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் வந்தாரே' என்கிறார், இன்னொருவர் 'இவர் என் கடையை மூட வைக்காமல் விடமாட்டார்' என்கிறார். இரண்டு பேரும் பேசுவது ஒரே வரியைப் பற்றித்தான். பொருளாதாரம் படித்தவர்கள் பலர் இதைப் பார்த்து 'மக்களுக்குப் புரியவில்லை' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. மக்களுக்குப் பெரும்பாலும் புரிந்துதான் இருக்கிறது, ஆனால் அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பது வேறு ஒரு கேள்விக்கு.

வரி விகிதம் எந்த வாரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இதைப் படிக்காதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். மக்கள் எப்படி எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம், அது இருநூறு வருஷமாகப் பெரிதாக மாறவில்லை.

யார் கட்டுவது?

'சீனாவுக்கு வரி போட்டோம்' என்ற வாக்கியத்திலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. லாங் பீச் துறைமுகத்தில் கன்டெய்னர் வந்து இறங்கும்போது அமெரிக்கச் சுங்கத் துறைக்குப் பணம் கட்டுவது அந்தச் சரக்கை வரவழைத்த இறக்குமதியாளர், பெரும்பாலும் ஒரு அமெரிக்க நிறுவனம். கட்டிய பிறகு அந்தச் சுமை மூன்று பக்கம் போகலாம். சீனத் தொழிற்சாலைக்காரர் தன் விலையைக் குறைத்துத் தரலாம், இறக்குமதியாளர் தன் லாபத்தில் கைவைத்துச் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் கடைக்கு வருகிறவர் தலையில் விழலாம். 2018, 2019 இல் டிரம்ப் முதல் தடவை சீனப் பொருள்கள் மீது வரி போட்டபோது பல ஆய்வாளர்கள் தனித்தனியாக இதைத் தோண்டிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாருக்கும் கிடைத்தது ஒரே விடை: சீன ஏற்றுமதியாளர்கள் விலையைக் குறைக்கவில்லை, சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க எல்லைக்குள்தான் இறங்கியது.

அப்படியென்றால் எல்லாரும் எதிர்க்க வேண்டியதுதானே? இல்லை. செலவு என்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் செலவு.

வாஷிங் மெஷின் கதையைச் சொல்கிறேன். இது சீனாவை மட்டும் குறிவைத்த வரி இல்லை, சாம்சங், எல்ஜி போன்ற கொரிய நிறுவனங்கள் ஒரு நாட்டுப் பொருளுக்கு வரி போட்டால் இன்னொரு நாட்டுக்குத் தொழிற்சாலையை மாற்றிக்கொண்டே போனதால் எல்லா நாட்டுக்கும் சேர்த்து 2018 இல் போட்டது. ஒரு வருஷத்துக்கு முதல் 12 லட்சம் மெஷினுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வந்தால் 50. கடையில் வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வேடிக்கை என்னவென்றால் வரியே இல்லாத துணி உலர்த்தும் டிரையரின் விலையும் அதே அளவு ஏறியது, ஏனென்றால் அங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குகிறார்கள், விற்கிறவர்கள் ஏற்றத்தை இரண்டிலுமாகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இதனால் உள்நாட்டில் வந்த வேலைகள் சுமார் 1,800. வாங்குகிறவர்களுக்குக் கூடுதல் செலவு வருஷத்துக்கு 150 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல்!

ஆனால் அந்த 1,800 பேருக்கு முகம் இருக்கிறது. தொழிற்சாலை திறக்கும்போது ரிப்பன் வெட்டுகிறார்கள், டிவியில் வருகிறது, அங்கே வேலை கிடைத்தவர் யாரால் கிடைத்தது என்று தெரிந்து வைத்திருக்கிறார். வாஷிங் மெஷினுக்கு 80, 90 டாலர் கூடக் கொடுத்தவருக்கு அப்படிக் கொடுத்தது தெரியவே தெரியாது. பில்லில் அப்படி ஒரு வரி அச்சாகி வருவதில்லை.

அது அச்சாகி வந்துவிடுமோ என்று அரசியல்வாதிகளுக்கு எவ்வளவு பயம் என்று 2025 ஏப்ரல் கடைசியில் தெரிந்தது. விலைக்குப் பக்கத்தில் இறக்குமதி வரி எவ்வளவு என்று அமேசான் காட்டப்போகிறது என ஒரு செய்தி வந்தது. அன்றைக்கே வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் அதைப் பகைமையான அரசியல் செயல் என்று கடுமையாகச் சொன்னார். அமேசான் உடனே, அப்படி எதுவும் முடிவாகவில்லை, நடக்கப்போவதும் இல்லை என்று விளக்கம் கொடுத்தது. ஆனால் டெமு என்ற சீன ஷாப்பிங் செயலியில் அதே சமயத்தில் இறக்குமதிக் கட்டணம் என்று தனியாகவே காட்டினார்கள், சில பொருள்களுக்கு அது பொருளின் விலையைவிட அதிகம். 800 டாலருக்குக் குறைவான பார்சல்களுக்கு அதுவரை வரி இல்லை, சீனப் பார்சல்களுக்கு அந்தச் சலுகை மே 2 அன்று போனது. பத்து டாலர் சட்டைக்கு ஆர்டர் போடுகிறவர் முதல் தடவையாக வரியைத் தன் திரையில், தன் கண்ணால் பார்த்தார். 2018 இல் இருந்த பொறுமை 2025 இல் ஏன் இல்லை என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்போ கைதட்டுகிறவர்கள்?

சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பரில். அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவில் தொழிற்சாலை வேலைகள் சுமார் 1.7 கோடி. பத்து வருஷம் கழித்து 1.15 கோடி. எல்லாமே சீனாவால் போனவை என்று சொல்ல முடியாது, இயந்திரமயமாக்கல் இருக்கிறது, 2008 இன் நெருக்கடி இருக்கிறது. ஆனாலும் சீன இறக்குமதியால் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் வேலைகள் போயிருக்கும் என்று கணக்கிட்டவர்கள் உண்டு, எம்ஐடி பேராசிரியர் டேவிட் ஆட்டரும் கூட்டாளிகளும் இதற்கு 'சீன அதிர்ச்சி' என்றே பெயர் வைத்தார்கள். அடி நாடு முழுக்கப் பரவி விழவில்லை என்பதுதான் முக்கியம். வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்கள், ஜவுளி ஊர்கள் என்று ஒரே தொழிலை நம்பி இருந்த இடங்களில் மொத்தமாக விழுந்தது. வேலை போனவர் வேறு ஊருக்குப் போய் வேறு தொழில் கற்றுக்கொள்வார் என்று புத்தகம் சொன்னது, பெரும்பாலானவர்கள் போகவில்லை.

இந்த ஊர்களில் இருக்கிறவரிடம் போய் 'வரி போட்டால் உங்கள் பொம்மை விலை ஏறும் தெரியுமா' என்றால் அவருக்குக் கோபம்தான் வரும். மலிவான பொம்மைக்காக என் ஊரைக் கொடுத்தீர்களே என்பது அவர் பக்கத்துக் கணக்கு. அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை, இத்தனை வருஷத்தில் யாராவது என் பக்கம் நின்றார்களா என்று கேட்கிறார்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று வருகிறது. அதே ஆட்டரும் கூட்டாளிகளும் 2024 இல் வெளியிட்டது. 2018-19 வரிகளால் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வேலை கூடியதா என்று தேடினார்கள், சொல்லும்படியாக எதுவும் கூடவில்லை. சீனாவின் பதில் வரியால் விவசாயப் பகுதிகளில் வேலை குறைந்தது, அரசு கொடுத்த நிவாரணம் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. பொருளாதாரக் கணக்குப்படி மொத்தத்தில் நஷ்டம் அல்லது பூஜ்யம். ஆனால் வரியால் பாதுகாக்கப்பட்ட அந்தப் பகுதிகளில் டிரம்பின் குடியரசுக் கட்சிக்கு ஆதரவு கூடியிருந்தது! பையில் ஒன்றும் விழவில்லை, ஓட்டு விழுந்தது. வர்த்தகப் போர் என்று நாம் சொல்லும்போது பொருளாதாரக்காரர் காதில் 'வர்த்தகம்' விழுகிறது, இவர்கள் காதில் 'போர்' விழுகிறது. போரில் யாரும் முதல் நாளே ரசீது கேட்பதில்லை.

சோயா

ஆனால் ரசீது வரும். அதை முதலில் வாங்கியது ஐயோவா, இல்லினாய், மினசோட்டா விவசாயிகள்.

சீனா பதிலடி கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அடிக்காது. அமெரிக்க சோயாவில் ஏற்றுமதியாவதில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது அதுதான், சோயா விளைவதெல்லாம் டிரம்புக்கு ஓட்டுப் போட்ட மாநிலங்களில் நிறைய, அப்புறம் சோயாவை பிரேசிலிலும் வாங்கிக்கொள்ளலாம். மூன்றும் சேர்ந்தால் இதைவிட வசதியான இலக்கு கிடைக்காது. 2018 ஜூலை 6 அன்று அமெரிக்கா 3,400 கோடி டாலர் சீனப் பொருள்கள் மீது 25 சதவீத வரி போட்ட அதே நாளில் சீனா சோயா மீது 25 சதவீதம் போட்டது. 2017 இல் சுமார் 1,200 கோடி டாலருக்கு சீனாவுக்குப் போன சோயா 2018 இல் 300 கோடி அளவுக்குச் சுருங்கியது.

அந்த ஜூலை 6 அன்று சீனாவின் வெய்போ என்ற சமூக வலைத்தளத்தில் ஏராளமானவர்கள் ஒரு கப்பலுக்காக உட்கார்ந்து கைதட்டினார்கள், தெரியுமா? பீக் பெகாசஸ் என்று பெயர், சுமார் 70,000 டன் அமெரிக்க சோயாவை ஏற்றிக்கொண்டு வரி அமலாவதற்குள் டாலியன் துறைமுகத்தைத் தொட்டுவிட முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, 'ஓடு ஓடு' என்று பந்தயக் குதிரையைத் துரத்துவதுபோல் எழுதினார்கள். சில மணி நேரத்தில் தவறவிட்டது. அப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் கடலிலேயே வட்டமடித்துக்கொண்டு நின்று, ஆகஸ்டில் வரியோடுதான் கரைக்கு வந்தது. வர்த்தகப் போரில் மக்கள் எதிர்வினை என்றால் கோபம், ஆதரவு என்று இரண்டுதான் என நினைக்கிறோம், மூன்றாவதாகக் கிண்டல் இருக்கிறது, அது இரண்டு நாட்டிலும் நிறைய.

விவசாயிகள் என்ன செய்தார்கள்? புலம்பினார்கள், பேட்டி கொடுத்தார்கள், சிலர் கடன் வாங்கினார்கள். அரசு 2018 ஜூலையில் 1,200 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தது, அடுத்த வருஷம் இன்னொரு 1,600 கோடி. அப்புறம் 2020 தேர்தலில் ஐயோவாவில் டிரம்ப் 8 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், 2024 இல் 13 புள்ளி. இதைப் பார்த்து 'காசு கொடுத்து வாயை அடைத்தார்கள்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் எனக்கு அது மேலோட்டமான கணக்காகப் படுகிறது. அந்த விவசாயிகளில் பலர் வெளிப்படையாகச் சொன்னது இதுதான்: நஷ்டம்தான், ஆனால் சீனா நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்பதும் நிஜம்தானே, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்கிறோம். 'கொஞ்ச நாள்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றிலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

1980 ஜனவரி 4 அன்று, சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததற்காக ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1.7 கோடி டன் தானியத்தை சோவியத்துக்கு விற்கத் தடை போட்டார். ஐயோவாவில் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வுக்கு இரண்டரை வாரம்கூட மீதி இல்லை. மக்காச்சோளம் விளைவிக்கிற மாநிலத்தில் தானியத் தடை! எதிர்த்து நின்ற எட்வர்ட் கென்னடி அந்தத் தடையைக் கண்டித்தார், விவசாயிகள் தன் பக்கம் வருவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். கார்ட்டர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆதரவோடு ஜெயித்தார். நாட்டுக்கு நெருக்கடி என்றால் மக்கள் முதலில் தலைவர் பின்னால் போய் நிற்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அதே வருஷம் அர்ஜென்டினா தன் தானியத்தை சோவியத்துக்கு விற்றது, எதிரிக்குப் பசியெடுக்கவில்லை, சுமை இங்கே இருப்பவருக்கு மட்டும் என்று விவசாயிகளுக்குத் தெரிய ஆரம்பித்தது. தடையை நீக்குவேன் என்று சொன்ன ரொனால்ட் ரீகன் நவம்பரில் ஐயோவாவைத் தட்டிச் சென்றார், அடுத்த ஏப்ரலில் தடையை நீக்கினார். கார்ட்டர் தோற்றதற்கு விலைவாசி, ஈரான் பிணைக்கைதிப் பிரச்சினை என்று வேறு பெரிய காரணங்கள் இருந்தன, இது அதில் ஒரு துண்டு.

இன்னும் பழைய கதை ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனுடையது. 1807 ஜூனில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று அமெரிக்கப் போர்க்கப்பல் மீது சுட்டது, நாடே கொதித்தது, ஏதாவது செய் என்று எல்லாரும் கேட்டார்கள். அவர் போரைத் தவிர்க்க நினைத்து டிசம்பரில் அமெரிக்கக் கப்பல் எதுவும் வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகக்கூடாது என்று சட்டம் போட்டார். ஒரே வருஷத்தில் ஏற்றுமதி 10.8 கோடி டாலரிலிருந்து 2.2 கோடிக்கு விழுந்தது. நியூ இங்கிலாந்து துறைமுகங்களில் கப்பல்கள் சும்மா கட்டிக் கிடந்தன, சாம்ப்ளைன் ஏரி வழியாகக் கனடாவுக்குக் கள்ளக்கடத்தல் ஜோராக நடந்தது. வர்த்தகத் தடையைக் குறிக்கும் 'எம்பார்கோ' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தலைகீழாக எழுதினால் 'ஓ கிராப் மீ' என்று வரும், அதாவது 'ஐயோ, என்னைப் பிடி'. அந்தப் பெயரில் ஒரு ஆமை கடத்தல்காரனின் பின்பக்கத்தைக் கவ்விப் பிடிக்கிற கேலிச்சித்திரம் ஊரெல்லாம் பிரபலமானது. பிரிட்டன் மேல் இருந்த கோபம் முழுக்க ஜெபர்சன் பக்கம் திரும்பி, பதவியை விட்டுப் போவதற்கு மூன்று நாள் முன்னால் 1809 மார்ச் 1 அன்று அவரே சட்டத்தை நீக்கிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு கதையிலும் மக்கள் திரும்பியது வலி தாங்காமல் மட்டும் இல்லை, வலி நமக்கு, எதிரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபோதுதான்.

கட்சிக் கண்ணாடி

2000 மே மாதம் சீனாவுக்கு நிரந்தர வர்த்தகச் சலுகை தரும் மசோதா பிரதிநிதிகள் சபையில் வந்தபோது ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 164 பேர், ஜனநாயகக் கட்சியினர் வெறும் 73 பேர். தாராள வர்த்தகம் அப்போது குடியரசுக் கட்சியின் கொள்கை, தொழிற்சங்கங்களோடு சேர்ந்து பயந்தது மற்றவர்கள். இன்றைக்கு அப்படியே தலைகீழ். இத்தனை கோடிப் பேரும் பொருளாதாரப் பாடம் படித்து மனம் மாறியிருப்பார்களா? தலைவர் மாறினார், கூடவே இவர்களும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான், டிரம்ப் எதிர்க்கிறார் என்பதற்காகவே தாராள வர்த்தகத்தின் மேல் புதிதாகப் பாசம் வந்தவர்கள் ஏராளம். அன்னிய வர்த்தகம் வாய்ப்பா, ஆபத்தா என்று கேலப் நிறுவனம் பல வருஷமாகக் கேட்டு வருகிறது. 2025 இல் வாய்ப்பு என்றவர்கள் 81 சதவீதம், அதுவரை இல்லாத உச்சம். வரி போடுகிறவர் ஆட்சிக்கு வந்த வருஷத்தில்!

இதோடு ஒரு முரணையும் சேர்த்துப் பாருங்கள். ஜோ பைடன் டிரம்பின் சீன வரிகளை நீக்கவே இல்லை, 2024 மே மாதம் சீன மின்சாரக் கார்களுக்கு வரியை 100 சதவீதமாக ஏற்றினார். பெரிதாகச் சத்தம் வரவில்லை. ஏன் என்றால் அமெரிக்கச் சாலையில் சீன மின்சாரக் கார் ஏறக்குறைய கிடையாது, கையில் இல்லாததைப் பறித்தால் யாருக்கும் வலிக்காது. பொம்மை அப்படி இல்லை. அமெரிக்காவில் விற்கிற பொம்மைகளில் சுமார் 80 சதவீதம் சீனாவில் செய்தவை, அதனால்தான் 2025 இல் டிரம்ப், பிள்ளைகளுக்கு 30 பொம்மைக்குப் பதில் 2 பொம்மை இருந்தால் போதும் என்கிற மாதிரிப் பேசியபோது அது அப்படித் தீப்பிடித்தது. அதுவரை 'சீனா கட்டும்' என்று சொல்லிவந்தவர் வாயிலிருந்தே, நீங்கள் கட்டுவீர்கள் என்ற செய்தி வந்துவிட்டது.

கருத்துக்கணிப்பு படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கேட்டோ நிறுவனம் 2024 இல் நடத்திய கணிப்பில், இன்னும் நிறையப் பேர் தொழிற்சாலையில் வேலை செய்தால் நாட்டுக்கு நல்லது என்றவர்கள் 80 சதவீதம். நீங்கள் இப்போது பார்க்கும் வேலையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனால் உங்களுக்கு நல்லதா என்றால் ஆம் என்றவர்கள் 25 தான். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம், சீனாவில் களைத்துப்போன அமெரிக்கர்கள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல ஏஐ வீடியோ செய்து பரப்பினார்கள். நான் சிரிக்க மாட்டேன். நால்வரில் ஒருவர் போகத் தயார் என்பது சின்ன எண் இல்லை, அன்றைக்குத் தொழிற்சாலையில் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கேள்வியை எப்படிக் கேட்டார்கள் என்று பார்க்காமல் 'மக்கள் ஆதரிக்கிறார்கள்', 'மக்கள் எதிர்க்கிறார்கள்' என்று தலைப்புப் போட்டால் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

சீன மக்கள் பக்கம் சுருக்கமாக. அங்கே ஓட்டு இல்லை, ஆனால் மனநிலை இருக்கிறது, அரசும் அதை ஊட்டி வளர்க்கிறது. கடைசி வரை மோதத் தயார் என்பதுதான் அரசின் பேச்சு, அன்னியர் வந்து மிரட்டுகிறார்கள் என்ற பழைய காயம் ஒரு நூற்றாண்டுக் கதையாகப் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் வேலை போகும் பயத்தையும் தாண்டி அது எடுபடுகிறது. வலியைத் தாங்குவதில் யாருக்குப் பொறுமை அதிகம் என்ற போட்டியில், தேர்தல் தேதி குறிக்கப்பட்ட நாட்டுக்கு அது ஒரு பலவீனம்தான்.

2025 செப்டம்பரில் சீனா அமெரிக்காவிலிருந்து வாங்கிய சோயா பூஜ்யம். அறுவடை நேரம். அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகு, வருஷத்துக்கு 2.5 கோடி டன் வீதம் மூன்று வருஷம் சீனா வாங்கும் என்று அமெரிக்கா அறிவித்தது, அது சண்டைக்கு முந்தைய வருஷம் வாங்கிய அளவுக்கும் கொஞ்சம் கீழேதான். டிசம்பரில் விவசாயிகளுக்கு நிவாரணம் அறிவித்தார்கள். தொகை 1,200 கோடி டாலர், 2018 ஜூலையில் முதலில் அறிவித்த அதே தொகை.